ஆயாவின் கல்லுக்கு எந்த வசனம்?

குழு: ஆயா பிள்ளைகள்

அக்டோபர் 21, செவ்வாய்

பெரியப்பா: இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. எல்லோருக்கும் காலை வணக்கம். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. அம்மா போன பிறகு வருகிற முதல் நவம்பர் 2. உப்பளம் கல்லறையில் அப்பாவுக்குக் கல் இருக்கிறது, பக்கத்தில் அம்மா இன்னும் மண்மேடாகவே இருக்கிறாள். நேற்றுப் போய்ப் பார்த்தேன், பெய்த மழையில் தலைமாட்டுப் பக்கம் சரிந்துவிட்டது. கல்காரரிடம் பேசிவிட்டேன். கருங்கல், இரண்டடிக்கு ஒன்றரை அடி. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு வசனம். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்துதான் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் கொடுத்தால் 1ஆம் தேதிக்குள் வெட்டித் தருவார். வசனம் எது என்று எல்லோரும் சொல்லுங்கள். என் யோசனை திருப்பாடல் 23.

அப்பா: சரி அண்ணா.

பெரியம்மா: சரி

அத்தை வீட்டு அண்ணன்: சரி மாமா 🙏

மஞ்சக்குப்பம் மாமா: நல்ல வசனம் அத்தான். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்."

பெரியப்பா: மாப்பிள்ளை, திருவிவிலியத்தில் உள்ளபடி போடலாம் என்று நினைத்தேன். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை."

மஞ்சக்குப்பம் மாமா: உங்கள் அம்மா, என் அத்தை, அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லையே.

தம்பி: பழையது 28 எழுத்து. புதியது 21 எழுத்து. எண்ணிவிட்டேன்.

அப்பா: உன்னை யாரடா எண்ணச் சொன்னது?

தம்பி: பெரியப்பாதான் எழுத்துக் கணக்கு என்றார்.

மஞ்சக்குப்பம் மாமா: ஏழு எழுத்துக்கு ஆகும் காசை நான் தருகிறேன் அத்தான். அத்தை எங்கள் வீட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் துணியோடு அந்த வேதாகமமும் வந்தது. மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு பள்ளியில் அந்தச் சங்கீதத்தைப் பார்க்காமல் சொன்னதற்குக் கொடுத்த வேதாகமம் அது. கட்டிக்கொண்ட பிறகு உங்கள் கோவிலுக்கு வந்தார்கள், செபமாலையும் கற்றுக்கொண்டார்கள், அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் வசனம் அவர்கள் வாயில் பழைய மொழியில்தான் இருந்தது.

பெரியப்பா: நான் மறுக்கவில்லை. ஒரு விளக்கம் மட்டும் சொல்கிறேன். 1995இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கருக்கு மட்டும் ஆனதில்லை, பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்ற சபைகளைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்தது. நம் பக்கத்துத் திண்டிவனத்திலிருந்து வெளியானது. இரண்டு சபை சேர்ந்த நம் வீட்டுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மஞ்சக்குப்பம் மாமா: 95இல் அத்தைக்கு வயது 50க்கு மேல் அத்தான். அதற்குப் பிறகு மொழியை மாற்றிக்கொண்டிருப்பார்களா?

பெரியம்மா: மழை வருகிறது. யார் வீட்டில் துணி காய்கிறது?

பெரியம்மா: நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையா? யாருக்காவது தெரியுமா?

தம்பி: புதுச்சேரிக்கா, கடலூருக்கா?

பெரியம்மா: இரண்டுக்கும்

பிரான்ஸ் சித்தப்பா: வேலையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். அண்ணே, கல் செலவில் பாதி என் பங்கு. இங்கே நவம்பர் 1 விடுமுறை. எல்லோரும் செவ்வந்திப் பூத்தொட்டி எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். வந்த புதிதில் தெரியாமல் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குச் செவ்வந்தி வாங்கிப் போய், அந்த அம்மா முகம் மாறிவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பூ என்ன பாவம் செய்தது, நம் ஊரில் கல்யாணத்துக்கும் அதுதானே" என்றார்கள். அம்மாவுக்கு மஞ்சள் செவ்வந்தி வையுங்கள்.

பெரியப்பா: வைப்போம் தம்பி. நவம்பர் 2 வந்த வரலாறும் பிரான்சிலிருந்துதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குளூனி மடத்தில் ஒடிலோ என்ற மடாதிபதி, இறந்த எல்லோருக்காகவும் செபிக்க ஒரு நாள் வேண்டும் என்று அனைத்துப் புனிதர் நாளுக்கு மறுநாளை வைத்தார். நமக்குக் குளூனி என்றால் ரோமன் ரோலன் வீதியில் எம்பிராய்டரி செய்யும் கன்னியர் மடம் நினைவுக்கு வரும், அந்தப் பெயரும் அதே ஊரின் பெயர்தான். இன்னொன்று, நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாள் கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தாலும் திருச்சபை பரிபூரண பலன், அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை, தருகிறது. ஆகவே 2ஆம் தேதி வர முடியாதவர்கள் 8க்குள் வரலாம். இறந்தவர்களுக்காகச் செபிப்பது நல்லது என்பதற்கு 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம் பார்க்கவும்.

மஞ்சக்குப்பம் மாமா: எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகம்தான் அத்தான், மக்கபே இல்லை 🙂 நாங்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்கள் வாழ்ந்ததற்காக நன்றி சொல்லுவோம். ஆனால் 2ஆம் தேதி வருவேன். மண்வெட்டி கொண்டு வருகிறேன்.

பெரியப்பா: அது போதும் மாப்பிள்ளை.

அப்பா: 1ஆம் தேதியே போய்ச் சுத்தம் செய்துவிட்டால் நல்லது. மறுநாள் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது.

அத்தை வீட்டு அண்ணன்: 1ஆம் தேதி எங்களுக்கு விடுமுறை. புதுச்சேரி விடுதலை நாள்.

அப்பா: கடலூருக்கு விடுமுறை இல்லையே. 1954இல் பிரெஞ்சுக்காரன் உங்களைத்தான் விட்டுப் போனான்.

தம்பி: அப்பா 😂

நான்: அத்தை எதுவும் சொல்லவில்லையே. அத்தை, நீங்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்டோபர் 22, புதன்

நான்: நேற்று மாலை வில்லியனூர் போயிருந்தேன். ஆயாவின் வேதாகமம் அத்தை வீட்டில், ஆயா படுத்திருந்த அறையில் அதே ஜன்னல் விளிம்பில்தான் இருக்கிறது. அத்தை அதை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். அட்டை போய்விட்டது, காலண்டர் தாளால் உறை போட்டிருக்கிறது. முதுகில் கோணி ஊசியால் தைத்த தையல். புரட்டியபோது தானாக ஒரே இடத்தில் திறந்தது. படம் அனுப்புகிறேன்.

நான்: (புகைப்படம்)

நான்: உள்ளே இருப்பது குருத்தோலைச் சிலுவை. காய்ந்து பழுப்பாகி, அதன் நிறம் அந்தப் பக்கத்திலேயே சிலுவையாகப் பதிந்துவிட்டது. சங்கீதம் 23 இல்லை. 1 இராஜாக்கள் 17. பதினாறாம் வசனத்துக்கு அருகே ஓரத்தில் பென்சில் கோடு. "பானையிலே மா செலவழிந்துபோகவும் இல்லை, கலசத்தின் எண்ணெய் குறைந்துபோகவும் இல்லை."

மஞ்சக்குப்பம் மாமா: சாறிபாத் விதவை.

பிரான்ஸ் சித்தப்பா: அம்மா கை கோடு அது. நடுங்கியிருக்கிறது பாருங்கள்.

பெரியப்பா: இந்தப் பகுதியின் பின்னணி: நாட்டில் பஞ்சம். எலியா ஒரு விதவையிடம் அப்பம் கேட்கிறார். அவளிடம் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருந்தன. தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவள். முதலில் எனக்கு ஒரு சிறிய அப்பம் சுட்டுத் தா என்கிறார் எலியா. அவளும் தருகிறாள். ஆண்டவரே நாசரேத்து தொழுகைக்கூடத்தில் இவளைக் குறிப்பிடுகிறார், லூக்கா 4ஆம் அதிகாரம். ஆனால் அம்மா ஏன் இதைக் குறித்து வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை.

வில்லியனூர் அத்தை: எனக்குத் தெரியும்.

பெரியம்மா: சொல்லு

தம்பி: அத்தை தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார்கள்...

வில்லியனூர் அத்தை: ரெட்டிச்சாவடி வீட்டில் அம்மா வைத்திருந்த பிடி அரிசி டின் எல்லோருக்கும் நினைவிருக்கும். பழைய பால்மாவு டின். உலைக்கு அரிசி அளந்த பிறகு ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் களைவாள். மாதக் கடைசியில் கோவிலுக்குக் காணிக்கையாகப் போகும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் அடித்தபோது நானும் பிள்ளையும் அங்கே இருந்தோம். கிறிஸ்துமஸ் குடில் இன்னும் கலைக்கவில்லை. ஓடு பறந்து, தண்ணீர் இறங்கி, குடில் வைக்கோல் கூடத்தில் மிதந்தது. மூட்டை அரிசி நனைந்துவிட்டது. பரணில் இருந்த டின் மட்டும் நனையவில்லை. அம்மா அதை இறக்கினாள். அது கோவில் அரிசி அம்மா என்றேன். கோவில் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு உலை வைத்தாள். விறகெல்லாம் ஈரம். அப்பாவின் பழைய கட்டில் சட்டத்தை உடைத்து எரித்தாள். மூன்று நாள் எங்கள் தெருவுக்குக் கஞ்சி.

வில்லியனூர் அத்தை: டின் தீரவில்லை. அது எப்படி என்று நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி வாங்க வரும்போது மடியில் இரண்டு பிடி கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது டின்னில் போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் எதிர் வீடு. அப்புறம் டீக்கடைக்காரர். அவரவர் வீட்டில் நனையாமல் மிஞ்சியது அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியும், நீ பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்றாள். அடுத்து வந்த குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் இந்தச் சிலுவையை அங்கே வைத்தாள். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பிரான்ஸ் சித்தப்பா: 😢

அப்பா: எனக்கு இது தெரியாது.

மஞ்சக்குப்பம் மாமா: கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பெரியம்மா: அந்தக் கட்டில் தேக்குக் கட்டில். எங்கே போயிற்று என்று எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

பெரியப்பா: முத்தியால்பேட்டையிலிருந்து நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மரம். சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்தேன். வாசலில் அம்மா எனக்கும் ஒரு தம்ளர் கஞ்சி கொடுத்தாள். இத்தனை நாள் கழித்தா வருகிறாய் என்று தங்கச்சி பாப்பா கேட்டது மட்டும்தான் இத்தனை வருடமும் மனத்தில் நின்றது. எந்த அரிசி என்று கேட்கவே இல்லை.

தம்பி: முதல் பாதி மட்டும் போட்டால் 18 எழுத்துதான் பெரியப்பா. எல்லாவற்றிலும் குறைவு.

அப்பா: டேய்

பெரியப்பா: பரவாயில்லை, அவன் சொல்லட்டும்.

அக்டோபர் 23, வியாழன்

பெரியப்பா: இரவு தூக்கம் வரவில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரம் 23, 24 படித்தேன். காணிக்கை செலுத்தப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் ஆண்டவர். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன், இந்தப் பகுதியையும் நடத்தியிருக்கிறேன். பாப்பா, முப்பதாம் நாள் பந்தியில் எல்லோர் முன்னாலும் செலவுக் கணக்குப் பேசினேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். எட்டு மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டியவள் நீ. அதற்கு நான் என்ன கணக்கு எழுதுவேன்? அன்று பேசியது தப்பு. எல்லோர் முன்னாலும் பேசியதால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். கல் வைப்பதற்கு முன் உன் வீட்டுக்கு வர விரும்புகிறேன்.

(நெடுநேரம் யாரும் எழுதவில்லை)

வில்லியனூர் அத்தை: ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு வாருங்கள் அண்ணா. அண்ணியையும் அழைத்து வாருங்கள். வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு வைக்கிறேன்.

பெரியம்மா: நான் வருகிறேன். வஞ்சிரம் இப்போது என்ன விலை தெரியுமா, சங்கரா போதும்.

வில்லியனூர் அத்தை: எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது அண்ணா. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாருங்கள்.

பெரியப்பா: வருகிறேன் பாப்பா.

மஞ்சக்குப்பம் மாமா: 🙏🙏

அத்தை வீட்டு அண்ணன்: மாமா, வரும்போது மாதா குளத்துப் பக்கமாக வராதீர்கள், சாலை தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சுற்றி வாருங்கள்.

நான்: அத்தை, அந்த டின் இப்போது எங்கே?

வில்லியனூர் அத்தை: என் அடுப்பங்கரையில். அம்மா போன பிறகும் போட்டு வருகிறேன். முக்கால் டின் இருக்கிறது.

பிரான்ஸ் சித்தப்பா: அக்கா, அந்த அரிசியை 2ஆம் தேதி சமைக்கலாமே. உப்பளத்தில் குழி வெட்டுகிறவர்கள், சுத்தம் செய்கிறவர்கள் அன்று காலையிலிருந்து வேலை செய்வார்கள். அம்மாவைப் புதைத்த அன்று அவர்கள் மழையில் நின்றார்கள்.

அப்பா: நல்ல யோசனை. எத்தனை பேர் இருப்பார்கள்?

பெரியம்மா: கஞ்சியா, சோறா?

வில்லியனூர் அத்தை: ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

மஞ்சக்குப்பம் மாமா: அப்படியானால் கல்லில் 1 இராஜாக்கள் 17:16தானே அத்தான்?

பெரியப்பா: அதுதான் என் மனத்திலும். வாசகம் அம்மா புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும். ஆனால் மேற்கோளை 1 இராஜாக்கள் என்று போடுவதா, திருவிவிலியத்தில் உள்ளபடி 1 அரசர்கள் என்று போடுவதா?

மஞ்சக்குப்பம் மாமா: அத்தான்!

பெரியப்பா: கேட்டேன், அவ்வளவுதான்.

பிரான்ஸ் சித்தப்பா: முழு வசனமும் போடுங்கள் அண்ணே. எண்ணெயை ஏன் விடுவது?

தம்பி: முழுவதும் 39 எழுத்து.

அப்பா: இரண்டடிக் கல்லில் 39 எழுத்து கொள்ளுமா?

அத்தை வீட்டு அண்ணன்: கல்காரரிடம் கேட்க வேண்டும்.

பெரியம்மா: தாத்தா கல்லுக்குச் சுண்ணாம்பும் அடிக்க வேண்டும். போன வருடம் அடித்த மறுநாளே மழையில் கரைந்து போயிற்று.

தம்பி: நாளைக்கு வெள்ளிக்கிழமை. கல்காரரிடம் யார் பேசுகிறீர்கள்?

பெரியப்பா: காலையில் நான் நேரில் போகிறேன். புத்தகப் பக்கத்தின் படத்தை எனக்குத் தனியாகவும் அனுப்பு அம்மா. எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்: அனுப்பிவிட்டேன் பெரியப்பா.