சமையல் மர்மக்கதையில் துப்பு எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி:

வணக்கம். வன்முறையை நேரடியாகக் காட்டாத, சமையலை மையமாகக் கொண்ட இதமான மர்மக்கதை ஒன்றை எழுதி வருகிறேன். துப்புத் துலக்குபவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். சிறிய பேக்கரி ஒன்றை நடத்தும் நடுத்தர வயதுப் பெண். கடையின் பின்கட்டில் அவருடைய பங்குதாரர் இறந்து கிடக்கிறார். பாதிக் கதை எழுதி முடித்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. கதாநாயகிக்குக் கிடைக்கும் துப்புகள் எல்லாம் தற்செயலாகக் காதில் விழுந்த பேச்சுகள்; அவர் தையற்கடை நடத்தியிருந்தாலும் கதை இப்படியேதான் போயிருக்கும். விஷத்தை வைத்து முடிச்சை அமைப்பதா, வேறு வழி உண்டா? இடையிடையே செய்முறைக் குறிப்புகளைச் சேர்க்கலாமா?

பதில் 1:

சயனைடின் கசப்பு வாதுமை வாசனையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது பழகித் தேய்ந்த உத்தி. மேலும் அந்த வாசனையை உணரும் திறன் எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதால், அது கைத்தொழிலின் அறிவாகாது. விஷம் இல்லாமலேயே உணவு சாட்சி சொல்லும். சிவப்பு ராஜ்மாவை நன்றாகக் கொதிக்க வைக்காமல் குறைந்த சூட்டில் மட்டும் வேகவிட்டால், அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் அழியாமல், சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். விருந்தில் அதைச் சாப்பிட்ட அனைவரும் படுத்துவிட, தானும் வயிறாரச் சாப்பிட்டதாகச் சொல்பவர் மட்டும் நலமாக நடமாடினால், அவர் உண்மையிலேயே அந்த மேசையில் இருந்தாரா என்ற கேள்வி சமையல் தெரிந்தவருக்குத்தான் முதலில் எழும்.

பதில் 2:

பேக்கரி என்றால் என் மனம் மாவின் பக்கமே போகிறது, ஏனெனில் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவு ஒரு கடிகாரம். மாவு தொட்ட விரலால் லேசாக அழுத்தினால், பதமான மாவில் குழி மெதுவாக, பாதியளவே மேலெழும்; பதம் தப்பிய மாவில் குழி அப்படியே நிற்கும், சில நேரம் மாவே அமுங்கிவிடும். முதல் நாள் இரவே மாவைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பியதாக உங்கள் குற்றவாளி சொல்லட்டும். காவலர்கள் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மேற்பரப்பும் சில்லென்று இருக்கிறது, வாக்குமூலம் பொருந்திவிடுகிறது. ஆனால் ஐந்தாறு கிலோ மாவு ஒரே பாத்திரத்தில் இருந்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும், ஈஸ்ட்டும் தன் பங்குக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு வரை கையை உள்ளே விடுபவருக்கே, வெளியே குளிர்ந்து உள்ளே கதகதப்பாக இருக்கும் அந்த மாவு விடியற்காலையில்தான் உள்ளே போயிருக்கிறது என்பது புரியும்.

பதில் 3:

மேலே சொன்ன மாவுத் துப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை வாசகரிடம் நேர்மையாக வையுங்கள். துப்பறியும் கதைகளுக்காக 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த 10 விதிகளில், துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது என்பதும், அவர் காணும் துப்பு உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பதும் உண்டு. உங்கள் குறைக்கு இரண்டும் பொருந்தும். செய்முறைக் குறிப்பை அலங்காரமாகச் சேர்க்காமல், பெரிய அளவில் பிசைந்தால் சீக்கிரம் குளிர்வதற்காகச் சிறு உருண்டைகளாகப் பிரித்து வைக்கவும் என்ற வரியை மூன்றாம் அத்தியாயக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். குறிப்புகளை மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டிப்போகும் வாசகர், துப்பையும் தாண்டிப்போவார்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மாவையே எடுத்துக்கொள்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் வழக்கம்போல் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து மாவுக்குள் கைவிட்டுப் பார்க்கிறார், இன்னும் ஆறவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே கையைக் கழுவுகிறார். பின்கட்டுக் கதவைத் திறந்து உடலைக் காண்பது அதற்குப் பிறகுதான். அந்த முணுமுணுப்பின் பொருள், குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்கும் நாளில்தான் அவருக்கே விளங்கும்.