பழ ஈக் கரு: செல்கள் வட்டமாகச் சுருங்காமல் நீள்கின்றன, தவறு எங்கே?

கேள்வி
டிரோசோபிலா (பழ ஈ) கருவில் வயிற்றுப்புறச் செல்கள் உள்மடிவதை கான்ஃபோகல் நுண்ணோக்கியில் படம் பிடிக்கிறேன். செல்லைச் சுருக்கும் புரதமான மயோசின் ஒவ்வொரு செல்லின் மேல்முகத்திலும் நடுவில்தான் திரள்கிறது. அப்படியென்றால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்க வேண்டாமா? என் படத்தில் குறுக்கே மட்டும் ஒடுங்குகின்றன, தலை–வால் திசையில் நீண்டே நிற்கின்றன. செக்மென்டேஷனை, அதாவது படத்தில் மென்பொருள் வரைந்த செல் எல்லைகளை, கையால் திருத்தியும் அதேதான். மேலே வைத்த மெல்லிய கண்ணாடி (கவர் ஸ்லிப்) அழுத்துகிறதோ?

பதில் 1
ஹாலோகார்பன் எண்ணெயில் வைத்து, இரு பக்கமும் 1.5 எண் கவர் ஸ்லிப் துண்டை முட்டுக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அழுத்தம் காரணமில்லை.

கேட்டவர்
கொடுத்திருக்கிறேன் அக்கா.

பதில் 2
தம்பி, உங்கள் படம் சரி. தனிச் செல்லாக நினைப்பதுதான் குழப்புகிறது. சுருங்கும் பட்டை சுமார் 12 செல் அகலம்தான், நீளமோ அதைப் போல் பல மடங்கு. நீளவாட்டில் பக்கத்துச் செல்லும் இழுக்கிறது, அதற்கு அடுத்ததும் இழுக்கிறது, யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. குறுக்கே சில செல் தள்ளினாலே சுருங்காத செல்கள், அவை இழுபட்டு வந்துவிடும். இரண்டு பேர் இரு முனையிலும் விறைப்பாகப் பிடித்த ஈர வேட்டியை நடுவில் கூட்டிப் பாருங்கள்: அகலம்தான் ஒடுங்கும்.

கேட்டவர்
சரி அண்ணா, ஆனால் வழிகாட்டியிடம் வேட்டிக் கதை எடுபடாது. எப்படிக் காட்டுவது?

பதில் 2
சுருங்கும் பட்டையை லேசரால் வெட்டுங்கள். வெட்டின் விளிம்புகள் தலை–வால் திசையில் அதிகமாக விலகினால் அங்கே இழுவிசை அதிகம். 2010இல் மார்ட்டின், வீஷாஸ் குழு இதைத்தான் காட்டியது. ஒன்று கவனம்: விலகும் வேகம் இழுவிசையை மட்டும் சொல்லாது, பிசுக்குத் தடையும் அதில் கலந்திருக்கும். திசைகளை ஒப்பிடுங்கள், நியூட்டனில் எண் எழுத வேண்டாம்.

பதில் 1
வெட்டாமலும் ஒரு வழி உண்டு. ஃபேட்2 மரபணுவைத் தாயின் முட்டைப்பையில் குறைத்தால் கரு உருண்டையாக வரும். அதில் இந்தத் திசைச் சாய்வு குறைவதை 2017இல் காட்டியிருக்கிறார்கள். கருவின் வடிவமே செல்லின் விசைக்குத் திசை காட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அப்புறம், எத்தனை நொடிக்கு ஒரு ஃப்ரேம்?

கேட்டவர்
60.

பதில் 1
போதவே போதாது. மயோசின் துடிப்புகள் சுமார் 80 நொடிக்கு ஒன்று. 10 நொடிக்குள் எடுங்கள். அப்போதுதான் ஒரு செல் சுருங்கும் நேரத்தில் பக்கத்துச் செல் நீள்கிறதா என்று பார்க்க முடியும். ட்விஸ்ட் என்ற மரபணுவின் செயல் குறைந்த கருவையும் சேர்த்துப் படம் பிடியுங்கள்: அங்கே சுருங்கிய செல் அப்படியே நிற்காது, திரும்ப விரிந்துவிடும்.