ஸ்டார்ட் மெனுவுக்கு நிறம் மாற்ற முடியவில்லை: உதவி தேவை

பாளை ஜெராக்ஸ்கடை:
பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினி போய் விண்டோஸ் 11 வந்திருக்கிறது. பகலில் கடையில் இருப்பவர் அப்பா. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் நின்றாலும் அவர் கை இடது மூலைக்குத்தான் போகிறது. அங்கே வானிலை விரிகிறது. "வெயிலை வாசலில் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்று சத்தம் போடுகிறார். மெனுவைக் கரும்பச்சை ஆக்கலாம் என்றால், அந்த வசதி மங்கிக் கிடக்கிறது; அழுத்தினாலும் அசையவில்லை.

தென்காசிக்காரன்:
விண்டோஸ் ஆக்டிவேட் (உரிமம் உறுதி) ஆகியிருக்கிறதா அண்ணாச்சி? இல்லையென்றால் தோற்றத்தில் கை வைக்கவே விடாது.

பாளை ஜெராக்ஸ்கடை:
ஆகியிருக்கிறது. திரையில் நெல்லையப்பர் தேர் படம்கூட வைத்துவிட்டேன்.

அம்பை டீச்சர்:
அப்படியானால் லைட் மோடில், அதாவது வெளிர் தோற்றத்தில் இருக்கிறீர்கள். அதில் மெனுவுக்கு நிறம் ஏறாது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், கலர்ஸ் போய் மோடை கஸ்டம் ஆக்குங்கள். விண்டோஸ் மோடுக்கு டார்க், ஆப் மோடுக்கு லைட். வேர்டு வெள்ளையாகவே இருக்கும். கீழே, ஸ்டார்ட்டிலும் டாஸ்க்பாரிலும் ஆக்சென்ட் கலர் (நாம் தேர்ந்தெடுக்கும் நிறம்) காட்டும் வசதி விழித்துக்கொள்ளும். பெர்சனலைசேஷனிலேயே டாஸ்க்பார் என்ற பக்கத்தைத் திறந்து அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்கி, விட்ஜெட்ஸை அணைத்துவிட்டால் வெயிலும் ஒழியும்.

நிறம் இருக்கட்டும். மெனுவில் ரெகமெண்டட் என்று கடைசியாகத் திறந்த கோப்புகளின் பெயர்கள் வருமே, கவனித்தீர்களா? ஒருவர் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் அடுத்து வருபவர் கண்ணில் படும். அவர் பங்காளியாகவே இருந்துவிட்டால்? பெர்சனலைசேஷனில் ஸ்டார்ட் என்ற பக்கத்தில் அதை முதலில் அணையுங்கள்.

தென்காசிக்காரன்:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் அணைத்தால் ஃபைல் எக்ஸ்புளோரரிலும் அண்மைக் கோப்புகள் காணாமல் போகும். நேற்று அடித்த கல்யாணப் பத்திரிகையை அப்பா அங்கிருந்துதான் எடுப்பார் என்றால் உங்களுக்குத் திட்டு நிச்சயம். ஸ்டார்ட் பக்கத்திலேயே ஃபோல்டர்ஸில் டாக்குமெண்ட்ஸை இயக்குங்கள். பவர் பொத்தான் அருகே வந்து நிற்கும்.

விண்டோஸ் 7 மெனுவேதான் வேண்டும் என்றால் அதற்கு ஓப்பன்-ஷெல் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். 2017இல் கைவிடப்பட்ட கிளாசிக் ஷெல் என்ற மென்பொருளின் வாரிசு அது. கண்ட தளத்தில் இறக்காமல் கிட்ஹப் என்ற மென்பொருள் பகிரும் தளத்தில் அதற்குள்ள பக்கத்திலிருந்து எடுங்கள்.

பாளை ஜெராக்ஸ்கடை:
பச்சை ஏறிவிட்டது டீச்சர். கோப்புப் பெயர்களையும் மறைத்துவிட்டேன், திட்டும் வாங்கிவிட்டேன். இப்போது எழுத்து பொடியாக இருக்கிறதாம்.

அம்பை டீச்சர்:
செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி போனால் டெக்ஸ்ட் சைஸ் இருக்கும். நகர்த்திவிட்டு அப்ளை கொடுக்க மறக்காதீர்கள்.