அம்மாவோட லங் கென்சருக்கு ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட் எடுக்கணுமா?

கொழுந்துமலை:
எல்லாருக்கும் வணக்கம், ஹட்டன் பக்கத்துல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 54 வயசு, முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க, பீடி சுருட்டு தொட்டதே இல்ல, லயத்து அடுப்புப் புகைதான். போன மாசம் கண்டியில ஒப்பரேஷன் முடிஞ்சிச்சு, ரிப்போட்ல அடினோகார்சினோமாங்கிற லங் கென்சர் வகை, ஸ்டேஜ் 2னு போட்டிருக்கு. கனடாவுல இருக்க மாமா, ஜீன் எக்ஸ்பிரஷன் பாத்தா எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு தெரிஞ்சிரும், வெளிநாட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்றாரு. அத கேட்டுட்டு அம்மா தோடு ரெண்டையும் கழட்டி மேசையில வச்சிட்டாங்க. அடகு வைக்கலாமா? யாராச்சும் சொல்லுங்க.

நுண்ணோக்கி:
தங்கச்சி, அதுக்காக அடகு வைக்க வேணாம். நான் லேப்ல வேல செய்றவன், டொக்டர் இல்ல. எந்த ஜீன் எவ்வளவு வேல செய்யுதுன்னு அளக்குறதுதான் எக்ஸ்பிரஷன் டெஸ்ட். 2007ல தாய்வான்ல 125 பேரோட கட்டிய வச்சு, நோய் எப்படிப் போகும்னு சொல்ல 5 ஜீன் போதும்னாங்க, அப்புறம் வேற வேற டீம் வேற வேற ஜீன் லிஸ்ட் குடுத்தாங்க, ஒன்னுக்கொன்னு ஒத்துப்போறதே கொறவு. ஈஆர்சிசி1ங்கிற புரதத்தோட கதைய கேளுங்க, சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து கென்சர் செல்லோட டிஎன்ஏவ கெடுக்கும், இந்த புரதம் அத சரிபண்ண உதவும், அதனால இது இல்லாத கட்டிக்குத்தான் மருந்து கேக்கும்னு 2006ல பெருசா வந்துச்சு. 2013ல அதே ஆளுங்க திரும்ப செஞ்சு பாத்தாங்க, அந்த புரதத்த கண்டுபிடிக்கப் போடுற அன்டிபொடியோட புது பெட்ச்ல பழைய ரிசல்ட் வரல. அம்மாவுக்கு இப்போதைக்கு ஸ்டேஜ்தான் பெரிய கணக்கு.

ஆனா ஈஜிஎஃப்ஆர்ங்கிற ஜீனுக்கான டெஸ்ட் மட்டும் கட்டாயம் கேளுங்க, அது எக்ஸ்பிரஷன் இல்ல, மியூட்டேஷன், அதாவது ஜீன்லயே வந்த மாற்றத்த பாக்குறது. சிகரெட் குடிக்காத ஆசியப் பொம்பளைங்களுக்கு இந்த வகையில அது அதிகமா இருக்கும், இருந்தா ஒப்பரேஷனுக்கு அப்புறம் ஒசிமெர்டினிப்னு மாத்திரை இருக்கு, 2020ல வந்த ஆய்வுல கென்சர் திரும்ப வர்றது நல்லாவே கொறஞ்சிருக்கு. வெல ஜாஸ்திதான், கிளினிக்ல கேட்டுப் பாருங்க.

வெலிமடை:
மகள், எங்க வீட்டுக்காரருக்கு பாத்தப்போ மெழுகு ப்ளொக், அதான் வெட்டி எடுத்த கட்டிய மெழுகுல பதிச்சு வச்சிருக்கிறது, எங்கன்னு தேடியே மூனு கெழம போச்சு. டெஸ்டுக்கு அதுதான் வேணும், ப்ளொக் நம்பர எழுதி வச்சிக்கங்க.

கொழுந்துமலை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ரிப்போட் மேல் மூலையில பேனாவால ஒரு நம்பர் எழுதியிருக்கு, அதானா? வியாழக்கெழம கிளினிக், காலைல மொத பஸ்ல போறோம்.

நுண்ணோக்கி:
அதாத்தான் இருக்கும், லேப்ல காட்டி கேட்டுக்கங்க. ரிப்போட் ஒரு கொப்பியும் எடுத்துட்டு போங்க.