குதிரை, கோட்டை இல்லாம ஃபேன்டசி கதை எழுத முடியுமா?

கேள்வி: என் கதைய படிச்ச ஃப்ரெண்டு, ஏன்டா பனி டிராகன் கவசம்னு ஒரே ஐரோப்பா வாடை அடிக்குதுன்னு கேட்டுட்டான். வேற எங்கருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி மெக்சிகோல இருந்த அஸ்டெக் பேரரசோட தலைநகர் டெனோச்டிட்லான் பாருங்க. ஏரி நடுவுல நகரம், கரைக்கு வர்ற ரோட்டுல நடுநடுவுல மரப்பாலம், எதிரி வந்தா பலகைய உருவிட்டா முடிஞ்சது கதை. குதிரையே கிடையாது, சாமானெல்லாம் முதுகுச் சுமை இல்லன்னா படகு. கட்டை ஓரத்துல எரிமலைக் கண்ணாடிச் சில்லு பதிச்சா அதுதான் வாள். சந்தைல சில்லறைக்கு கோகோ கொட்டை, அதுலயும் தோலுக்குள்ள மெழுக அடைச்சு ஏமாத்துவாங்களாம்!

பதில்: பேர மட்டும் மாத்துனா வேலைக்காகாது ப்ரோ. அங்க ராஜா செத்தா மூத்த பையனுக்கு தானா பட்டம் வராது, பெரிய ஆளுங்க கூடி அரச வம்சத்துலருந்து ஒருத்தர தேர்ந்தெடுப்பாங்க.

கேட்டவர்: அந்த கள்ளக்கொட்டைக்காரன்தான் இனி என் ஹீரோ 😄