டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது நகம் பிரிகிறது, வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

தாம்பரம் ஏசி மெக்கானிக்:
முகப்பருவுக்குத் தோல் டாக்டர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. எழுதிக் கொடுத்தார். எனக்கு நாள் முழுக்க பைக்கில்தான் வேலை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் விரல் நுனிகள் விண்விண்ணென்று தெறித்தன. அப்புறம் நகங்களின் முன்பாதி சதையை விட்டு விலகி, அடியில் மஞ்சளாகத் தெரிகிறது. சட்டைப் பொத்தான் போடவே உயிர் போகிறது. கட்டைவிரல்கள் இரண்டும் மட்டும் நன்றாக இருக்கின்றன. மருந்துக்கடையில் பூஞ்சை என்று க்ரீம் கொடுத்தார்கள். எட்டு விரலுக்கும் ஒரே நேரத்தில் பூஞ்சை வருமா? பரு நன்றாக அடங்கியிருக்கிறது, மாத்திரையை விட மனசில்லை.

தோல் பிரிவு நர்ஸ்:
தம்பி, கட்டைவிரல் தப்பியதுதான் முக்கியமான துப்பு. ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது அது அடியில் போய்விடும். மற்ற நான்கும் வெயிலைப் பார்த்தபடி இருக்கும். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் நகத்துக்கு அடியிலுள்ள சதையைப் புண்ணாக்கும், நகம் பிரியும். ஃபோட்டோ ஆனிகோலைசிஸ் என்பார்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை மாற்றுவார். பிரிந்த நகத்தைப் பிய்க்காதீர்கள், அடியில் குச்சி விட்டுச் சுரண்டவே கூடாது. ஒட்ட வெட்டி, ஈரமில்லாமல் வைத்திருங்கள். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ.தான் வளரும். முழுசாக மாற ஆறு மாதம் ஆகலாம்.

வேளச்சேரி கல்லூரி மாணவி:
அண்ணா, ஐசோட்ரெட்டினோயின் என்ற இன்னொரு பரு மருந்துக்கு மாற்றினால் அதிலும் நகத்தைக் கவனியுங்கள். எனக்குக் கால் கட்டைவிரல் நகத்தோரம் சிவப்பாகச் சதை வளர்ந்தது, செருப்பு உரசினாலே ரத்தம். பாட்டி நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டார், எரிச்சலில் அலறிவிட்டேன். டாக்டர் அளவைக் குறைத்து, பூச மருந்து கொடுத்த பிறகுதான் அடங்கியது. நகமும் மெலிந்து நுனி உடைகிறது.

தாம்பரம் ஏசி மெக்கானிக்:
ரொம்ப நன்றி அக்கா, தங்கச்சி. டாக்டரிடம் காட்டினேன். வெயில்தான் என்றார், மாத்திரையை நிறுத்திவிட்டார். பருவுக்கு இப்போதைக்குப் பூசுகிற மருந்து மட்டும். பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று: விரல் நுனி திறந்த கையுறை இதற்கு உதவாது, முழுக்கையுறையே வாங்குங்கள்.