பிரிட்டன் லைசென்ஸ் அட்டையில் எந்தத் தேதி எதற்கு?

புதிதாக வந்தவர்கள் லைசென்ஸ் அட்டை கைக்கு வந்ததும் முன்பக்கத்தில் ஒரு தேதியைப் பார்த்துவிட்டு, "பத்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்று பர்ஸில் செருகிவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் படிவம் நிரப்ப உட்காரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அட்டையில் நாலைந்து வகைத் தேதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு படியுங்கள், சுலபமாகப் புரியும். இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி அலுவலகம், சில விதிகளும் வேறு.

முதலில் நிறம். பச்சை என்றால் புரொவிஷனல், அதாவது ஓட்டப் பழகுபவர்களுக்கானது, நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி. ரோஸ் என்றால் ஃபுல் லைசென்ஸ். இரண்டிலும் எண்களின் வரிசை ஒன்றே. 1 குடும்பப் பெயர், 2 மற்ற பெயர்கள், 3 பிறந்த தேதியும் பிறந்த நாடும். 8 முகவரி.

இப்போது 4. இதில் மூன்று உட்பிரிவு. 4ஏ என்பது இந்த அட்டை அச்சாகி வந்த தேதி. 4பி இந்த அட்டை காலாவதியாகும் தேதி. 4சி அட்டையைக் கொடுத்த அலுவலகம், அதாவது டி.வி.எல்.ஏ. "இந்த அட்டை" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 4ஏ, 4பி இரண்டும் பிளாஸ்டிக் அட்டையைப் பற்றியவை. நீங்கள் எப்போது டெஸ்ட் பாஸ் செய்தீர்கள், எதுவரை ஓட்டலாம் என்பதெல்லாம் அவற்றில் இல்லை. வீடு மாறி முகவரியைத் திருத்தினால் புது அட்டை வரும், 4ஏ-யும் மாறிவிடும். ஆனால் உங்கள் ஓட்டுநர் அனுபவம் அன்றைக்கா தொடங்கியது?

அந்தத் தகவல் பின்பக்கத்தில் இருக்கிறது. சின்னச் சின்ன வண்டிப் படங்கள் போட்ட அட்டவணையில் 9, 10, 11, 12 என்று நான்கு பத்திகள். 9 வண்டி வகை. 10 அந்த வகையை எந்தத் தேதியிலிருந்து ஓட்டலாம், 11 எதுவரை, 12 நிபந்தனைக் குறியீடுகள். கார் என்பது பி வகை. பி வரியில் 11-வது பத்தியில் இருப்பது பொதுவாக உங்கள் 70-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள். 14.03.1988 அன்று பிறந்தவருக்கு அது 13.03.2058. அட்டை பத்து ஆண்டில் காலாவதியாகலாம், ஓட்டும் உரிமை 70 வயதுவரை. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அப்படியானால் 4பி தாண்டினால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். பரவாயில்லை என்று விடமுடியாது. பழைய படத்தோடு காலாவதியான அட்டையை வைத்திருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முகவரி மாறியதைத் தெரிவிக்காவிட்டாலும் அதே 1,000 பவுண்டு வரை. இத்தனைக்கும் முகவரி மாற்றுவது இலவசம். படத்தைப் புதுப்பிக்க இணையத்தில் 14 பவுண்டுதான். அறை அறையாக மாறிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதைத்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். "எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்று படிவம் கேட்கும். புரொவிஷனலா, ஃபுல் யூகே லைசென்ஸா, வெளிநாட்டு லைசென்ஸா என்றும் கேட்கும். ஃபுல் யூகே என்று தேர்ந்தெடுத்தால், பார்க்க வேண்டியது பின்பக்கம் பி வரியின் 10-வது பத்தி. சிலர் 4ஏ தேதியைப் போட்டுவிட்டு, இருக்கிற அனுபவத்தைக் குறைத்துக் காட்டி, தேவையில்லாமல் பிரீமியம் அதிகம் கட்டுகிறார்கள். இன்னும் சிலர் கோயம்புத்தூரில் ஓட்டிய பன்னிரண்டு வருடத்தையும் சேர்த்து, ஃபுல் யூகே லைசென்ஸ் பன்னிரண்டு வருடம் என்று போடுகிறார்கள். முதலாவது பணநஷ்டம். இரண்டாவது தப்பான தகவல், விபத்து நடந்து கிளெய்ம் போடும்போது கழுத்தைப் பிடிக்கும். ஊர் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகளும் உண்டு, அதை அவர்களிடம் தனியாகக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள்.

10-வது பத்தியின் தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. முதல் டெஸ்ட் பாஸ் செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு நீங்கள் புது ஓட்டுநர். ஊரில் இருபது வருடம் லாரியே ஓட்டியிருந்தாலும் இங்கே டெஸ்ட் எழுதிப் பாஸ் செய்தால் இதுதான் கணக்கு. விதி மீறினால் உங்கள் பதிவில் தண்டனைப் பாயிண்ட் ஏறும், அந்த இரண்டு ஆண்டுக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடி புரொவிஷனல், மறுபடி தியரி, மறுபடி பிராக்டிகல். 6 பாயிண்ட் சேர நிறைய தப்பு வேண்டும் என்று நினைக்காதீர்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஒரே தடவையில் 6 பாயிண்ட், 200 பவுண்டு. புரொவிஷனலில் இருந்தபோது வாங்கிய பாயிண்ட் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் அதுவும் கூடவே வரும். அதனால் பி வரியின் தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டி ஒரு இடத்தில் குறித்து வையுங்கள்.

ரொம்ப முக்கியமான ஒரு தேதி மட்டும் எந்த அட்டையிலும் அச்சாகாது. இந்தியா, இலங்கை, மலேசியா லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்துக் கார் ஓட்டலாம். கணக்கு குடியேறிய நாளிலிருந்து. புரொவிஷனல் அட்டையின் 4ஏ தேதியிலிருந்து என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். 12 மாதம் முடிந்தால் ஊர் லைசென்ஸில் எத்தனை வருடம் பாக்கி இருந்தாலும் இங்கே செல்லாது. பிறகு புரொவிஷனல், எல் போர்டு, பக்கத்தில் 21 வயது நிரம்பிய, ஃபுல் லைசென்ஸ் எடுத்து மூன்று ஆண்டு ஆன ஒருவர். இந்த மூன்று நாட்டு லைசென்ஸையும் டெஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ள முடியாது. சிங்கப்பூர் லைசென்ஸை மாற்றலாம், குடியேறி ஐந்து ஆண்டுக்குள். சிங்கப்பூரில் கியர் வண்டியில் பாஸ் செய்தவர்கள் விண்ணப்பத்தோடு அதற்கான ஆதாரத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று வந்துவிடலாம்.

அந்த "மட்டும்" அட்டையில் எப்படித் தெரியும்? 12-வது பத்தியில் 78 என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் மட்டும். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இது இருக்கும். வாடகைக்கு வேன் எடுத்து வீடு மாற்றப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள், மலிவான வேன்கள் பல இன்னும் கியர்தான். 01 என்றால் கண்ணாடியோ லென்ஸோ போட்டுத்தான் ஓட்ட வேண்டும். 70 என்றால் வேறு நாட்டு லைசென்ஸை மாற்றி எடுத்தது. 115 என்றால் உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர். முதல்முறை பார்ப்பவர்கள் அது ஏதோ தண்டனைக் குறியீடு என்று பயப்படுவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை.

122-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரில் டெஸ்ட் பாஸ் செய்தவர்களின் அட்டையில் ஏஎம் என்ற வரியும் இருக்கும், அது சிறிய மொபெட். "கார் லைசென்ஸோடு ஸ்கூட்டரும் கிடைத்துவிட்டது" என்று உணவு டெலிவரி வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வரியின் கடைசியில் 122 என்று சின்னதாக இருக்கும். மொபெட்டுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்தால்தான் அந்த உரிமை செல்லும் என்பது அதன் பொருள். பயிற்சி இல்லாமல் ஓட்டினால் சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அதுவும் டெலிவரிக்கு ஓட்ட சாதாரண இன்சூரன்ஸ் போதாது, தொழில் இன்சூரன்ஸ் தனியாக வேண்டும். மற்றபடி எஃப், கே என்ற வரிகள் டிராக்டர், புல்வெட்டும் வண்டி போன்றவற்றுக்கு. நமக்கு வேலை இல்லை.

பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே பக்கம் இருந்து லண்டனுக்கு வரும் நம்மவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு வசதி, அந்த அட்டைகளிலும் இதே எண்வரிசைதான். 4ஏ, 4பி, 10, 11, 12 எல்லாம் அதே பொருள். குறியீடுகளில் இரண்டு இலக்கம் உள்ளவை ஐரோப்பா முழுவதற்கும் பொது, மூன்று இலக்கம் உள்ளவை அந்தந்த நாட்டுக்கு மட்டும். அட்டையின் ஆயுள்தான் வேறு, ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 15 ஆண்டு. ஆனால் 70 என்ற குறியீடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஐரோப்பிய யூனியன் நாடு ஒன்றில் டெஸ்ட் கொடுத்து எடுத்த லைசென்ஸ் என்றால் இங்கே அதை வைத்துப் பல ஆண்டு ஓட்டலாம், மாற்றவும் செய்யலாம். இலங்கை லைசென்ஸைக் கொடுத்து மாற்றி எடுத்தது என்றால் 70-க்குப் பக்கத்தில் சிஎல் என்று இருக்கும். சிலோன் காலத்து வாகனக் குறியீடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியா என்றால் ஐஎன்டி. அவர்களுக்கு அதே 12 மாதக் கணக்குத்தான், பிறகு டெஸ்ட்.

முன்பக்கம் 5-வது இடத்தில் உள்ள நீண்ட எண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். அது 16 எழுத்தும் இலக்கமும் கலந்த ஓட்டுநர் எண். முதல் ஐந்தும் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகள், பெயர் சின்னது என்றால் மீதியை 9 போட்டு நிரப்புவார்கள். பிறகு ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆனால் குலுக்கிப் போட்டது. 14.03.1988 என்றால் 803148. முதல் 8 பத்தாண்டு, 03 மாதம், 14 நாள், கடைசி 8 வருடத்தின் கடைசி இலக்கம். பெண் என்றால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூட்டுவார்கள், 853148 ஆகும். "என் பிறந்த மாதத்தை 53 என்று தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்று பெண்கள் பதறுவது இதனால்தான். அடுத்த இரண்டு இடம் மற்ற பெயர்களின் முதல் எழுத்துகள். செந்தில், குமார் என்று பாஸ்போர்ட்டில் இடைவெளி விட்டிருந்தால் இரண்டு எழுத்து வரும். செந்தில்குமார் என்று சேர்த்திருந்தால் ஒரு எழுத்தும் ஒரு 9-உம்.

நம்மவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கும், அதனால் எண்ணும் அப்பா பெயரில்தான் தொடங்கும். அதை மாற்றப் போராட வேண்டாம். வங்கி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே வரிசையில் பெயரைக் கொடுங்கள், போதும். இன்சூரன்ஸ்காரர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் பதிவைச் சரிபார்ப்பார்கள்.

பாயிண்ட் விவரம் அட்டையில் இருக்காது. முன்பு அட்டையோடு ஒரு காகிதமும் வரும், அதை 2015 ஜூன் 8 முதல் ரத்து செய்துவிட்டார்கள். இப்போது அரசு இணையதளத்தில் ஓட்டுநர் எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், போஸ்ட்கோடு மூன்றையும் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே எஸ்பி30 என்றால் வேக வரம்பு மீறியது, சியு80 போன், ஐஎன்10 இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. பெரும்பாலானவை நான்கு ஆண்டு பதிவில் இருக்கும், குடித்துவிட்டு ஓட்டியது 11 ஆண்டு.

கார் வாடகைக்கு எடுக்கும்போதும் டிரைவர் வேலைக்குச் சேரும்போதும் உங்கள் பதிவை அவர்கள் பார்ப்பதற்காக இதே தளத்தில் ஒரு செக் கோடு எடுத்துத் தரச் சொல்வார்கள். அது 21 நாள் செல்லும், கூடவே ஓட்டுநர் எண்ணின் கடைசி எட்டு எழுத்தையும் கேட்பார்கள். விசா நிலையைக் காட்ட எடுக்கும் ஷேர் கோடு வேறு, அது 90 நாள் செல்லும். கவுண்டரில் விசா கோடைக் காட்டிவிட்டு "செல்லவில்லை என்கிறார்கள்" என்று போன் செய்பவர்கள் உண்டு. பயணத்துக்கு முதல் நாளே சரியான தளத்தில் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.